முதல் இரண்டு பேர்

மெலிஸ் பைகேயின் முன்னால் யார் புதிதாக வந்து நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "யாரோட புள்ள நீ?" வெந்நீர்க் குழாய் பார்க்க வந்தவனாக இருக்கட்டும், ஜப்பானிலிருந்து வந்த பேராசிரியராக இருக்கட்டும், தன் பேரையும் அப்பன் பேரையும் சொன்ன பிறகுதான் மறுவேலை. ஏழு தலைமுறை ஒப்பிக்கிறவனுக்குத் தேநீரும் உப்பிட்ட தயிருருண்டையும் கிடைக்கும். தெரியாதென்று தலையைச் சொறிகிறவனுக்கு ஓர் உச்சுக்கொட்டல். இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்பாரே தவிர, சொன்ன பதிலை அவர் காதில் வாங்கி நான் பார்த்ததே இல்லை.

நான் ஜிபாரா. எங்கள் தலைநகர் பிஷ்கெக்கில் மலைநீர் ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பக்கத்து மேஜை எனக்கு. 'பைகே' என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். அவர் வேலை புரோகிராம் எழுதுவது. என் வேலை, அவர் எழுதியதை ஓட்டும் மெஷின்கள் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது. இரண்டில் எது கஷ்டம் என்று என்னைக் கேட்காதீர்கள், வாயில் நல்ல வார்த்தை வராது.

அவர் பிறந்தது நாரின் பக்கத்து மேட்டு நிலத்தில். அப்பா அசான்குல் குதிரை வைத்தியர். மகன் பிறந்த காலத்தில் பெயருக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் நான்கு பெரிய கம்யூனிஸ்ட் தலைவர்களின் முதலெழுத்துகளைக் கோத்து 'மெலிஸ்' என்று வைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் அதில் ஒருவர் பெயர் ஆகாதென்று போனது, அப்புறம் நான்கு பேருமே ஆகாமல் போனார்கள். இவர் பெயர் மட்டும் ஓர் எழுத்துகூட மாறாமல் எல்லா அரசாங்கத்திலும் ஓடியது. "எழுதுனா அப்படி எழுதணும்!" என்று மார்தட்டிக்கொள்வார், என்னமோ தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டவர் மாதிரி.

நகரத்துக்குக் கணக்குப் படிக்க வந்தார். படித்து முடித்ததும் எங்கள் கூடத்தில் சேர்ந்தார். அப்போதிருந்த மெஷின் துணி அலமாரி அளவு இருக்குமாம். அதில் ஓடியது, மெஷினை இயக்கும் யூனிக்ஸ் என்ற வெளிநாட்டு மென்பொருளை நம்மவர்கள் நகலெடுத்துச் செய்தது. பிறகு அந்தப் பெரிய நாடே உடைந்து காணாமல் போனது, மெஷின் மட்டும் அங்கேயே நின்றது. அதன் பின் உதவி செய்ய வந்த ஒவ்வொரு நாட்டுக்காரனும் தன் பங்குக்கு ஒரு மெஷினைத் தள்ளிவிட்டுப் போனான். ஒன்றில் சோலாரிஸ், ஒன்றில் பிஎஸ்டி, ஒன்றில் லினக்ஸ். எல்லாம் யூனிக்ஸ் வம்சம்தான். சொத்துத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பிகள் மாதிரி முகம் ஒன்றாக இருக்கும், பேச்சு ஒன்றாக இருக்காது.

மெலிஸ் பைகேயின் வாழ்நாள் பெருமை ஒரே ஒரு துண்டுப் புரோகிராம். மெஷினில் ஒரு கோப்புறையைத் திறந்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொரு பெயராக வாங்கி, மூடுவது. இது ஒரு பெருமையா என்பீர்கள். செய்துபாருங்கள், தெரியும். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு தினுசாகப் பதில் சொல்லும். ஒன்று பெயரோடு அதன் நீளத்தையும் சொல்லும், மற்றொன்று 'நீயே எண்ணிக்கொள்' என்னும். ஒன்று இது கோப்பு, இது கோப்புறை என்று பிரித்துச் சொல்லும், மற்றொன்று 'வேண்டுமென்றால் எழுந்துபோய்ப் பார்' என்னும். சோலாரிஸ் பெயருக்கு ஓர் எழுத்து இடம்தான் எழுதி வைத்திருக்கும். மிச்ச இடத்தை நாம் ஒதுக்க வேண்டும். இவர் அந்த ஒற்றை எழுத்தை அப்படியே நம்பி இடம் ஒதுக்க, பெயர்கள் வழிந்து பக்கத்து இடத்தை அழித்தன. நாரின் ஆற்றின் நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்டால் புரோகிராம் கெட்ட வார்த்தை மாதிரி ஏதோ எழுத்துகளைக் கொட்டியது. ஒரு வாரம் நீரியல் பிரிவுக்காரர்கள் யாரும் எங்களோடு பேசவில்லை.

இதையெல்லாம் அவர் ஒன்றொன்றாகச் சரிசெய்தார், அதை நான் மறுக்கமாட்டேன். இந்த மெஷின் என்றால் இந்த வரி, அந்த மெஷின் என்றால் அந்த வரி என்று எழுதி எழுதி, கடைசியில் எது புரோகிராம், எது 'என்றால்' என்று அவருக்கே தெரியாமல் போனது.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் 'என்றால்' போட மறுத்துவிட்டார். எந்த யூனிக்ஸிலும், எந்தக் கோப்புறையிலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒற்றைப் புள்ளி என்றால் அந்தக் கோப்புறையே, அதாவது தான். இரட்டைப் புள்ளி என்றால் அதற்கு மேலே உள்ள கோப்புறை, அதாவது அப்பன். உள்ளே இருப்பதை எண்ணும்போது இந்த இருவரையும் விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் புரோகிராம் தனக்குள்ளேயே நுழைந்து சுற்றும், அல்லது அப்பன் வீட்டுக்கு ஏறிவிடும். மெலிஸ் பைகே எப்படி விட்டார் தெரியுமா? வருகிற முதல் இரண்டு பெயரை, என்ன பெயர் என்றுகூடப் பார்க்காமல், தூக்கிப் போட்டார்.

"பைகே, பேரைப் பாத்துட்டு விடுங்க. ஒரு புள்ளியா, ரெண்டு புள்ளியான்னு ஒப்பிட்டுப் பாக்க ரெண்டு வரி. கை தேஞ்சா போயிடும்?" என்று கேட்டேன்.

"ஏம்மா, வீட்டுக்கு வந்தவன் முதல்ல என்ன சொல்லுவான்?"

"செருப்ப எங்க விடறதுன்னு கேப்பான்."

"வாய் கொழுப்பு! முதல்ல தன் பேரச் சொல்லுவான், ரெண்டாவது அப்பன் பேரச் சொல்லுவான். அதுதான் மரியாதை. சொன்ன பிறகும் 'உன் பேர் என்ன'ன்னு கேட்டா அது அவமரியாதை."

"மெஷினுக்கு எங்கயிருந்து மரியாதை தெரியும்? அது எந்த வரிசைல வேணா குடுக்கும்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

"இத்தனை வருஷத்துல ஒரு மெஷின் மாத்திக் குடுத்ததில்ல. நல்ல வீட்ல பொறந்த மெஷினுங்க," என்றார். சொல்லிவிட்டுத் தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி மானிட்டர் தலையில் வைத்தார். தொப்பியைத் தரையில் வைப்பது பாவம், மானிட்டரின் காற்றுத் துவாரத்தை அடைப்பது பாவமில்லை போலிருக்கிறது. அந்த மானிட்டர் வெந்து செத்தது வேறு கதை.

இனி ஸூரா எஜே, எஜே என்றால் அக்கா. அவர் பனிப்பாறை அளப்பவர். பனியில் கம்பு நட்டு, எவ்வளவு உருகியது, எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து அளந்தே முடி நரைத்தவர். ஒரே பனிப்பாறை, இளம்பெண்ணாக இருந்த காலத்திலிருந்து. காகிதத்தில் எழுதி வைத்ததெல்லாம் எரிவாயு இல்லாத அந்தக் கொடிய குளிர்காலத்தில் யாரோ அடுப்பில் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே மெஷினில் ஏற்றியிருந்ததால் தப்பித்தது. அதை வைத்துத்தான் பெரிய டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். "என் பாறையோட அடிப்பாகம் இப்போ இல்ல ஜிபாரா, தண்ணியாப் போச்சு. மறுபடி அளக்கணும்னா நான் எங்க போயி கம்பு நடுவேன்?" என்பார். மெஷினில் அவர் கோப்புறைக்குள் ஆண்டுக்கு ஒன்றாகக் கோப்புறைகள், அவற்றில் மாதத்துக்கு ஒன்றாக அளவுகள். அவர் உயிர் அதில்தான் இருந்தது.

நகரத்தில் ஜனங்கள் திரண்டு அரசாங்கத்தை விரட்டியதற்கு மறுவருடம் புது மெஷின் வந்தது, லினக்ஸ். அதற்கு ஒரு விருந்து. பெரியவருக்கென்று வைக்கும் ஆட்டுத்தலையை மெலிஸ் பைகே முன்னால் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் மூத்தவரும் மரியாதைக்குரியவரும் கதவுக்கு நேர் எதிரே, மேல்வரிசையில் உட்காருவார்கள். இவர் பந்திக்கு முந்திப் போய் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"நான் எழுதின புரோகிராம் எந்த மெஷின்லயும் ஓடும். ஓர் எழுத்து மாத்த வேணாம். என் பேரு மாதிரி!"

எங்கள் டைரக்டர் குபானிச்பெக் கைதட்டினார். அவர் மெஷினைத் தொட்டதில்லை, ஆனால் மெஷினோடு நின்று படம் எடுத்துக்கொள்வதில் கெட்டிக்காரர். "மெலிஸ் பைகே இவ்வளவு தைரியமாச் சொல்றப்ப நமக்கு எதுக்கு ரெண்டு மெஷினு?" என்றார். அந்த வாரமே எல்லாவற்றையும் புதியதுக்கு மாற்றச் சொல்லி, பழைய மெஷினில் இருந்ததை அழித்து, கூடவே நகல் எடுத்துவைத்த டேப் பெட்டியையும் சேர்த்துத் தன் மச்சான் நடத்தும் இன்டர்நெட் கடைக்கு அனுப்பினார். ஒரு மாசம் பொறுங்கள் என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஆட்டுத்தலையின் காதுகூட அப்போது யார் வாயிலோ இருந்தது.

திறப்புவிழா வைத்தார்கள். மேஜையில் எண்ணெயில் பொரித்த மாவுருண்டை, ஜாம், தேநீர். ஸூரா எஜேயும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, புதுத் திரையில் தன் கோப்புறையைத் திறந்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். மெலிஸ் பைகே தன் 'துடைப்பத்தை' ஓட்டிக் காட்டப்போகிறார். தற்காலிகக் குப்பைக் கோப்புறைக்குள் போய், ஒரு மாதத்துக்கு மேல் பழசான எல்லாவற்றையும் அழிக்கும் புரோகிராம் அது. பழைய மெஷினில் வருடக்கணக்காக ஒழுங்காகப் பெருக்கியது. எல்லோரும் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொன்னோம், முகத்தைத் தடவிக்கொண்டோம். பைகே பொத்தானைத் தட்டினார்.

அந்தக் குப்பைக் கோப்புறை ஸூரா எஜேயின் கோப்புறைக்குள் இருந்தது. புது மெஷின் நல்ல வீட்டில் பிறந்ததில்லை போல. வேறு யாரோ இருவர் பெயரை முதலில் கொடுத்தது, தன்னையும் அப்பனையும் நடுவில் எங்கேயோ கொடுத்தது. துடைப்பம் முதல் இரண்டை மரியாதையாக விட்டுவிட்டது. பிறகு ஒற்றைப் புள்ளி வர, தனக்குள் தானே நுழைந்து கிறுகிறுவென்று சுற்றி, மெஷின் போதும் என்றதும் வெளியே வந்தது. அடுத்து இரட்டைப் புள்ளி வர, அப்பன் வீட்டுக்கு ஏறியது. அங்கே எல்லாமே ஒரு மாதத்துக்கு மேல் பழசு. பனிப்பாறை அளவு என்றால் பழசாகத்தானே இருக்கும்!

"ஜிபாரா, இதுல ஏன் இவ்வளவு கொஞ்சமா காட்டுது?" என்றார் ஸூரா எஜே. மறுபடி திறந்தார். இன்னும் குறைந்திருந்தது. "ஜிபாரா! போகுதுடி! என் வருஷமெல்லாம் போகுதுடி!"

நான் மேஜைக்கு அடியில் பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினேன். தேநீர்ப்பானை கவிழ்ந்து டைரக்டர் மேல் கொட்டியது. அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மெஷினை எழுப்பிப் பார்த்தோம். கொஞ்ச வருடங்கள் முழுசாகத் தப்பியிருந்தன. மற்ற வருடங்களில் பெரும்பாலும் இரண்டே மாதங்கள். எந்த மாதம் என்று கேட்காதீர்கள், ஒன்றில் பிப்ரவரியும் மார்ச்சும், இன்னொன்றில் ஜூனும் நவம்பரும். அழிந்தவற்றை மீட்க நான் தெரிந்ததெல்லாம் செய்தேன். இன்டர்நெட் கடைக்கும் ஓடினேன். அந்த வட்டில் பையன்கள் சுட்டு விளையாடும் விளையாட்டு ஏறியிருந்தது. ஸூரா எஜே அழவில்லை. தன் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையை நுழைக்க மறந்துவிட்டு, அப்படியே வீட்டுக்குப் போனார்.

மெலிஸ் பைகே என்ன சொன்னார் தெரியுமா? "மெஷினுக்கு வளர்ப்பு சரியில்ல!" ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். டைரக்டர் அதைவிடக் கெட்டிக்காரர். மின்சாரக் கோளாறு என்று அறிக்கை எழுதி அனுப்பிவிட்டார். எங்கள் ஊரில் மின்சாரம் சுமக்காத பழி கிடையாது.

"இது வெளிய போச்சுன்னா மெஷின் குடுத்தவன் அடுத்தது குடுக்கமாட்டான்," என்றார் எங்களை அறைக்குள் கூப்பிட்டு. "மெலிஸ் பைகே, உங்களுக்கு ஓய்வு வயசு தாண்டியாச்சு. நான் வச்சிருக்கிற வரைக்கும் இந்த நாற்காலி உங்களுது. புரியுதா?"

அவருக்குப் புரிந்தது. மகன்கள் இருவரும் மாஸ்கோவில், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த நாற்காலியை விட்டால் வீட்டில் அவர் யாரிடம் அப்பன் பேர் கேட்பார்? வாயை மூடிக்கொண்டார். அது எவ்வளவு அதிசயம் என்பது பக்கத்து மேஜைக்காரிக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஸூரா எஜே மிஞ்சியதை வைத்தே எழுதி முடித்தார். அகாடமி மண்டபத்தில் ஆய்வேட்டைப் பற்றிய விவாதம். நடுவர்கள் நீளமான மேஜைக்குப் பின்னால், தலைவராக வெள்ளைத்தாடிக் கிழவர் ஒருவர். டைரக்டர் முன்வரிசையில். நானும் போயிருந்தேன். மெலிஸ் பைகே கடைசி வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒரு நடுவர் பக்கங்களைப் புரட்டும் வரை. "அம்மா, சில வருஷம் முழுசா இருக்கு. மத்ததுல எல்லாம் ரெண்டு ரெண்டு மாசம். மின்சாரக் கோளாறுன்னு போட்டிருக்கீங்க. மின்சாரம் எண்ணிப் பாத்து ரெண்டு ரெண்டா விட்டுட்டுப் போகுமா?"

ஸூரா எஜே டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் கூரையைப் பார்த்தார்.

"நான் நேராவே கேக்கறேன். உங்க முடிவுக்குத் தோதான மாசத்த வச்சுக்கிட்டு மிச்சத்த நீங்களே எடுத்துட்டீங்களா?"

வாழ்நாள் முழுக்கப் பனியில் நின்று அளந்த மனுஷியைப் பார்த்துப் பொய்க்கணக்குக்காரி என்கிறார்கள்! பதில் சொல்ல நான் எழுந்தேன். ஆனால் எனக்குப் பின்னாலிருந்து குரல் முந்திக்கொண்டது.

"அந்தம்மா எதையும் எடுக்கல. எடுத்தது என் புரோகிராம்."

மெலிஸ் பைகே நடைபாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தார். டைரக்டர் பாதி எழுந்து, "பைகே, உக்காருங்க," என்று பல்லைக் கடித்தார். இவர் நிற்கவில்லை.

"என் புரோகிராம் ஒரு வீட்டுக் கதவத் திறக்குதுன்னு வச்சுக்கங்க. முதல்ல வர்ற ரெண்டு பேர் வீட்டுக்காரனும் அவன் அப்பனும்னு நானே முடிவு பண்ணிட்டேன். பேர் கேக்கல. அவங்கள விட்டுட்டு மத்தவங்களை எல்லாம் வெளிய தள்ளச் சொன்னேன். ஆனா முதல்ல வந்தது யாரு? யாரோ டிரைவரு, யாரோ பக்கத்து வீட்டுக்காரன். அவங்கதான் தப்பிச்சாங்க. ஒவ்வொரு கோப்புறையிலயும் ரெண்டு மிஞ்சுனது அதனாலதான். அது யாரும் பொறுக்கினதில்ல. வீட்டுக்காரனோட அப்பன் நடுவுல வந்தாரு, நான் அவர் பின்னாலயே போயி அவர் வீட்டையும் காலி பண்ணிட்டேன். பேரக் கேளுங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு. கேக்கத் தேவையில்லன்னேன். மின்சாரம் பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. முதல்ல நீங்க யாரு? யாரோட புள்ள நீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மெலிஸ் பைகே தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எங்கள் எல்லோரையும் பிடுங்கியெடுத்த கேள்விக்கு அவரே பதில் சொல்ல அவ்வளவு நேரம் பிடித்தது.

"மெலிஸ். அசான்குலோட மகன். நாரின் பக்கம்."

"குதிரை வைத்தியர் அசான்குலா? எங்கப்பா குதிரைக்கு ஒடஞ்ச காலைக் கூட்டிக் குடுத்தவராச்சே. அவ்வளவு நிதானமான மனுஷன். அவரு மகனா நீங்க?"

"ஆமா," என்றார் பைகே. "அவரு மகன்தான்." முகம் செங்கல்லாகச் சிவந்துவிட்டது.

அந்த நடுவர் பக்கங்களை மூடிவிட்டு ஸூரா எஜேயிடம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். பட்டம் கிடைத்தது. மறுநாள் மெலிஸ் பைகேக்கு ஓய்வும் கிடைத்தது. டைரக்டர் இந்த விஷயத்தில் மட்டும் மின்சாரத்தைவிட வேகம்.

பட்டத்துக்கு ஸூரா எஜே வீட்டில் விருந்து வைத்தார். நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். கதவைத் திறந்ததும் முதல் ஆளாக மெலிஸ் பைகே, செருப்புகள் கிடக்கும் இடத்தை ஒட்டி, கடைசி இடத்தில் உட்கார்ந்திருந்தார். மேலே வாங்க, மேலே வாங்க என்று ஸூரா எஜே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் அசையவில்லை. வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். என்னையும் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரோட புள்ள நீ?"

"பைகே, நான் ஜிபாரா. உங்க பக்கத்து மேஜை. ஆரம்பிச்சிட்டீங்களா?"

"பேர் தெரியும். அப்பா பேரு?"

"நான் சேந்த அன்னிக்கே சொன்னேன்."

"அன்னிக்கு நான் காதுல வாங்கல. இப்பச் சொல்லு."

"துருஸ்பெக்."

அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "எந்த துருஸ்பெக்?" என்றார்.